மாற்றுச் சைலன்ஸரும் கார்பரேட்டரைச் சீர்செய்யும் முறையும்

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சித்தூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், திருப்பதி சுமார் 160 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. திருப்பதியை ஒட்டி எழும் சேஷாசல மலைத்தொடரின்மீது திருமலை ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மதனப்பள்ளியைச் சார்ந்த மேட்டுநிலம் 700 மீட்டர் அளவை எட்டுகிறது. ஆகவே இவ்வட்டாரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒரே நாளில் சமவெளிக் காற்றையும் மலைக்காற்றையும் உட்கொள்கிறது. ஒரே ஆண்டில் மார்கழிக் குளிரையும் 40 டிகிரியைத் தாண்டும் கோடை வெயிலையும் காண்கிறது. இம்மாறுதல்களுக்கெல்லாம் கார்பரேட்டர் என்னும் சிறு கருவி ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றோடு வண்டியின் சைலன்ஸரும் மாற்றப்பட்டுவிடுமாயின் விளைவது யாது, அதனைச் சீர்செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1-4-2020 முதல் நடைமுறைக்கு வந்த புகைவிதிகளின் காரணமாக, அதன்பின் விற்பனையாகும் புதிய வண்டிகளில் பெரும்பாலானவை கார்பரேட்டரை விட்டு, மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பினை ஏற்றுக்கொண்டன. எனினும் அதற்கு முற்பட்ட வண்டிகள் பல இன்றும் கிராமச் சாலைகளில் உழைத்து வருகின்றன. அவற்றைப் பயன்படுத்தும் களப்பணியாளருக்கும், எஞ்சின் பாடம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இவ்விளக்கம் உதவக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

கால்நடைத் துறையைச் சேர்ந்த களப்பணியாளர் ஒருவர் பழைய 350 சி.சி. புல்லட் வண்டியொன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதன் முந்தைய உரிமையாளர் தொழிற்சாலை பொருத்திய சைலன்ஸரை நீக்கி, அடைப்பு குறைந்த மாற்றுச் சைலன்ஸரைப் பொருத்தியிருந்தார். நமது களப்பணியாளர் சித்திரை மாத நண்பகலில் மதனப்பள்ளியிலுள்ள மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினார். மெக்கானிக்கும், பெட்ரோல் மிச்சமாகவேண்டும் என்ற வேண்டுகோளுக்கு இணங்க, அந்த இடத்திற்கும் அந்த வேளைக்கும் சரியாக இருக்கும்படி கார்பரேட்டரை அமைத்துக் கொடுத்தார். எட்டு மாதங்கள் வண்டி தொல்லையின்றி ஓடிற்று. மார்கழி அதிகாலையில், மனைவியைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு திருப்பதியிலிருந்து மலைப்பாதையில் ஏறினார். பாதிவழியில் எஞ்சினின் வலு தளர்ந்தது. 'கிண் கிண்' என்ற ஓசை கேட்டது. பிறகு பின்சக்கரம் பூட்டிக்கொண்டதுபோல் வண்டி இழுத்து நின்றது. பிஸ்டன் சூட்டினால் விரிந்து ஸிலிண்டரைப் பற்றிக்கொண்டது. பட்டறையில் இதனையே 'சீஸ்' என்பர். வளைவுகள் மிகுந்த பாதையில், பின்னே பேருந்துகள் வருகையில், இது உயிருக்கே அபாயம் விளைக்கக்கூடிய நிகழ்ச்சியாகும்.

இங்கே பிழை செய்தவர் யார்? மெக்கானிக் செய்த வேலை அவ்விடத்தில் சரியே. களப்பணியாளரும் வண்டியை முறையாகவே ஓட்டினார். ஓர் இடத்திற்கும் ஒரு பருவத்திற்கும் பொருந்திய அளவு வேறோர் இடத்திற்கும் பருவத்திற்கும் பொருந்தாது என்பதை இருவரும் எண்ணிப் பாராமையே பிழையாகும்.

கார்பரேட்டர் செய்யும் வேலை

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமவெளிக் காற்றில் 9,000 லிட்டருக்கு மேல் தேவைப்படும் என்றால் இதன் அளவு விளங்கும். எஞ்சின் முழு வலுவைத் தரவேண்டிய போது பெட்ரோல் சற்று மிகுதியாக, அதாவது 12.5 முதல் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் இருத்தல் நலம். பெட்ரோல் மிகுந்த கலவையைச் செழித்த கலவை என்றும், காற்று மிகுந்ததை மெலிந்த கலவை என்றும் கூறுவோம். பட்டறையில் இவை 'ரிச்', 'லீன்' என்று வழங்கும்.

செழித்த கலவை பெட்ரோலை வீணாக்கும், பிளக்கில் கரி படிவிக்கும், நச்சுவாயுவை மிகுவிக்கும். மெலிந்த கலவை மெதுவாக எரிந்து, வால்வையும் பிஸ்டன் தலையையும் அளவுமீறிச் சுடவைக்கும். மேலும், மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருந்து சிறிது வெப்பத்தைக் கவர்கிறது. மெலிந்த கலவையில் இந்தக் குளிர்ச்சியும் கிட்டாது. எனவே இவ்விரண்டில் எஞ்சினுக்குப் பெருங்கேடு தருவது மெலிந்த கலவையேயாகும். மலையேறும்போது எஞ்சின் முழுவலுவுடன் உழைக்கிறது. வண்டியோ மெதுவாகச் செல்வதால் அதன்மேல் படும் காற்றோட்டம் குறைவு. சமவெளியில் பொறுத்துக்கொள்ளப்பட்ட மெலிவு மலைப்பாதையில் தண்டனை பெறுவது இதனாலேயே.

கார்பரேட்டரின் நடுக்குழல் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து செல்கிறது. விரையும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. டானியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கிய தத்துவம் இதற்கு அடிப்படையாகும். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில், கீழுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது. பூச்சிமருந்து தெளிக்கும் கைப்பம்பு இயங்குவதும் இவ்வாறே.

ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவுக்கேற்பக் கார்பரேட்டரின் வெவ்வேறு உறுப்புகள் பெட்ரோலை அளக்கின்றன. மூடிய நிலை முதல் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். அதுமுதல் கால்பங்கு வரை ஸ்லைடின் அடியிலுள்ள வெட்டு. கால்பங்கு முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். முக்கால் முதல் முழுத்திறப்பு வரை மெயின் ஜெட். இவை ஒன்றன்மேல் ஒன்று சிறிது படிந்தே வேலை செய்யும். கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவை இவையனைத்தையும் பாதிக்கும். பழைய ஆமல் கார்பரேட்டருக்கும், பின்னர்ச் சென்னையில் செய்யப்பட்ட மிக்கார்ப் கார்பரேட்டருக்கும் இவ்வமைப்பு பொதுவானதாகும்.

சைலன்ஸர் மாறினால் கலவை மாறுவது ஏன்?

சிந்திக்கும் மாணவன் இங்கு ஒரு வினா எழுப்பக்கூடும். 'மாற்றுச் சைலன்ஸரால் கூடுதலாகக் காற்று உட்செல்லும் என்கிறீர்கள். கூடுதல் காற்று சென்றால் உறிஞ்சும் விசையும் கூடுமன்றோ? பெட்ரோலும் அதே விகிதத்தில் வரவேண்டுமன்றோ?' என்பதே அவ்வினா. காற்று இடைவிடாது ஒரே சீராக ஓடுமாயின் இக்கூற்று ஏறக்குறைய உண்மையே. ஆனால் ஒற்றை ஸிலிண்டர் எஞ்சினில் காற்று விட்டுவிட்டு விழுங்கப்படுகிறது. புகைவால்வு மூடுவதற்குள் உள்வால்வு திறந்துவிடுவதால், சிறிது நேரம் இரண்டும் திறந்திருக்கும். அந்நேரத்தில் புகைபோக்கிக் குழாயில் எழும் அழுத்த அலைகள் ஸிலிண்டரைக் கடந்து கார்பரேட்டர் வரை எட்டுகின்றன. சில வேகங்களில் காற்று பின்னோக்கித் தள்ளப்பட்டு, மீண்டும் முன்னோக்கி வருகிறது. ஜெட்டின்மேல் பலமுறை செல்லும் அக்காற்று பலமுறையும் பெட்ரோலை ஏற்றுக்கொள்கிறது.

தொழிற்சாலையினர் இவற்றையெல்லாம் தமது சைலன்ஸருடன் சேர்த்துச் சோதித்தே ஜெட்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். குழாயின் நீளமும் அடைப்பும் மாறினால் அலைகள் திரும்பும் காலமும் மாறுகிறது, பின்னோட்டமும் மாறுகிறது. அதன் விளைவாக, பெரும்பாலும் கலவை மெலிகிறது. குறிப்பிட்ட சில வேகங்களில் செழிப்பதும் உண்டு. புகைவிதிகளுக்கு உட்படவேண்டிப் பிற்கால வண்டிகளின் கலவை முதலிலேயே மட்டாக அமைக்கப்பட்டிருப்பதால், சிறிதளவு மெலிவும் அவற்றை வரம்பு கடக்கச் செய்துவிடும்.

ஆகவே, 'சைலன்ஸரை மாற்றினால் மெயின் ஜெட்டை இரண்டு எண் பெரிதாக்க வேண்டும்' என்பது போன்ற பொதுவிதி எதுவும் இல்லை. பின்பகுதியை மட்டும் மாற்றினால் சில வண்டிகளில் எந்த மாற்றமும் வேண்டியிராது. முழுக்குழாயையும் காற்று வடிகட்டியையும் சேர்த்து மாற்றினால் நீடிலும் ஜெட்டும் மாற்றம் கோரும். சோதித்தறிவதே வழி. ஓசை மிகுந்தால் வலுவும் மிகுந்தது என்று காது சொல்லும் தீர்ப்பை நம்புதல் கூடாது.

இடமும் பருவமும்

உயரம் மிகமிகக் காற்று அடர்த்தி குறைகிறது. திருப்பதியில் காற்றழுத்தம் சுமார் 995 மில்லிபார் என்றால் திருமலையில் சுமார் 915 மில்லிபார். அதாவது 8 விழுக்காடு குறைவு. மலைமீது வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி குறைவாயிருப்பதனால் அடர்த்தி சற்றே மீள்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அடர்த்தியின் குறைவு 6 முதல் 7 விழுக்காடு ஆகும். கார்பரேட்டரில் கலவையின் செழிப்பு அடர்த்தியின் வர்க்கமூலத்திற்குத் தலைகீழாக மாறுவதால், மலைமேல் கலவை சுமார் 3 விழுக்காடு செழிக்கிறது.

இனி வெயிலின் விளைவைக் காண்போம். 22 டிகிரி வெப்பமுள்ள மார்கழிக் காலையையும் 42 டிகிரி வெப்பமுள்ள வைகாசி நண்பகலையும் ஒப்பிட்டால், அதே திருப்பதியில் காற்றின் அடர்த்தி 6 விழுக்காட்டிற்கு மேல் வேறுபடுகிறது. இது திருமலை ஏறியதற்கு ஒப்பான மாறுதல் என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

நமது எடுத்துக்காட்டில் இவ்விரண்டும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன. 700 மீட்டர் உயரத்தில், 38 டிகிரி வெயிலில், மெல்லிய காற்றுக்கு அளவெடுத்து அமைத்த கார்பரேட்டர், 160 மீட்டர் உயரத்தில், 20 டிகிரிக் குளிரில், அடர்ந்த காற்றை உட்கொண்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அடர்த்தி 13 விழுக்காடு உயர்ந்து, கலவை 6 விழுக்காடு மெலிந்துவிட்டது. சிக்கனத்திற்காக மட்டாக வைக்கப்பட்ட செழிப்பு முழுவதும் இதிலேயே கரைந்துபோயிற்று.

எரிபொருளின் மாறுதலும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2023இல் தொடங்கி நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்பனைக்கு வந்தது. எத்தனாலில் பிராணவாயு ஏற்கெனவே அடங்கியிருப்பதால், இக்கலவை எரிவதற்குத் தேவையான காற்று 14.7 பங்கிலிருந்து சுமார் 13.5 பங்காகக் குறைகிறது. அதாவது, கலப்பற்ற பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் இதனை ஊற்றினால், கலவை ஏறக்குறைய 8 விழுக்காடு மெலிந்ததற்குச் சமமாகும். பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த அளவுகளை இன்று மறுபடி சோதிப்பது அவசியம் என்பது இதனால் பெறப்படும்.

இவற்றிலிருந்து கிடைக்கும் விதி எளியது: மெயின் ஜெட்டை வண்டி செல்லும் இடங்களுள் தாழ்ந்த இடத்தில், குளிர்ந்த காலையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் மலைமேலும் கோடையிலும் கலவை சற்றுச் செழித்திருக்கும்; இழப்பது சிறிது பெட்ரோல் மட்டுமே. மாறாக மேட்டில், வெயிலில் தேர்ந்தெடுத்தால் இழப்பது பிஸ்டனாகும்.

ஜெட்டைத் தொடுமுன்

கார்பரேட்டரின்மேல் பழி சுமத்துவதற்கு முன் பிறவற்றைச் சோதித்தல் வேண்டும். காற்று வடிகட்டி சுத்தமாக உள்ளதா? வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும் கையேட்டின்படி உள்ளனவா? கார்பரேட்டரை எஞ்சினுடன் இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்று புகுகிறதா? பெட்ரோல் குழாயில் அடைப்பு உண்டா? மிதவையின் மட்டம் சரியா?

புகைபோக்கி ஸிலிண்டருடன் சேரும் மூட்டைத் தனியே கவனிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் சைலன்ஸரில் 'பட பட' என்று வெடித்தால், பலர் உடனே பைலட் ஜெட்டை மாற்ற முற்படுகின்றனர். மூட்டின் கேஸ்கட் தேய்ந்து வெளிக்காற்று உட்புகுந்தாலும் இதே ஓசை எழும். எரியாது வெளிவந்த பெட்ரோல் ஆவி, சூடான குழாயில் அக்காற்றைச் சந்தித்துத் தீப்பற்றுவதே காரணம். புதிய கேஸ்கட் ஒன்றே இதனைப் போக்கிவிடக்கூடும்.

அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்துதல் தவறு. அழுத்தக் காற்றினால் ஊதியே சுத்தம் செய்தல் வேண்டும். துரப்பண ஊசியால் துளையைப் பெரிதாக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். 1.00 மில்லிமீட்டர் துளை 1.05 ஆனாலே அதன் பரப்பு 10 விழுக்காடு மிகுந்துவிடுகிறது. கண்ணுக்குத் தோன்றாத இவ்வேறுபாட்டைக் கைவேலையால் கட்டுப்படுத்த இயலாது. மேலும், ஜெட்டின் எண்களை எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் இடுவதில்லை. சிலர் ஒரு நிமிடத்தில் வழியும் அளவையும், சிலர் துளையின் விட்டத்தையும் எண்ணாகப் பொறிக்கின்றனர். ஆகவே ஒரு கம்பெனியின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடலாகாது.

சீர்செய்யும் வரிசை

ஆக்ஸிலரேட்டர் பிடியின்மேல் காகித நாடா ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை ஆகிய நிலைகளைக் கோடிட்டுக்கொள்க. எந்த நிலையில் குறை தோன்றுகிறது என்பதே எந்த உறுப்பைத் தொடவேண்டும் என்பதைக் காட்டும். ஒருமுறைக்கு ஒரே மாற்றம் செய்து, நாள், இடம், வேளை, செய்த மாற்றம், கண்ட விளைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று அறியமுடியாது.

முதலாவது, மெயின் ஜெட். போக்குவரத்தற்ற நேரான சாலையில், சற்று ஏற்றமான பகுதியில், சட்டப்படியான வேகத்திற்குள் அடங்கும் கியரில் முழுத்திறப்பில் ஓட்டுக. மலைப்பாதையும் நெடுஞ்சாலையும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. முழுத்திறப்பிலிருந்து ஆக்ஸிலரேட்டரைச் சிறிதளவு மூடும்போது எஞ்சின் முன்னிலும் வலுவாக இழுத்தால், மெயின் ஜெட் சிறிது என்று பொருள். சோக்கைச் சிறிது இடும்போது ஓட்டம் மேம்பட்டாலும் முடிவு அதுவே. மாறாக, எஞ்சின் கனத்துத் திக்கி, கரும்புகை கக்கினால் ஜெட் பெரிது. ஒவ்வோர் எண்ணாகவே மாற்றுக.

இரண்டாவது, நீடில். அரைத்திறப்பில் சீராக ஓட்டிப் பார்க்க. தயக்கமும் வெடிப்போசையும் தோன்றினால் கலவை மெலிந்துள்ளது. நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குக. கிளிப் கீழிறங்கினால் நீடில் மேலே உயர்ந்து பெட்ரோலை மிகுதியாக விடும். கனத்த ஓட்டமும் கரியும் தோன்றினால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுக.

மூன்றாவது, பைலட். எஞ்சின் நன்கு சூடேறிய பின், நின்ற நிலையில் ஏர் ஸ்குரூவைத் திருகி, எஞ்சின் அதிவிரைவாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காண்க. பிறகு ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைக்க. ஸ்குரூ முழுதும் உள்ளே சென்ற நிலையிலிருந்து ஒன்று முதல் இரண்டரைச் சுற்றுக்குள் அந்த இடம் அமைந்தால் பைலட் ஜெட் பொருத்தமானது. அரைச் சுற்றிலேயே அமைந்தால் ஜெட் சிறிது. மூன்று சுற்றைத் தாண்டினால் பெரிது. இங்கு ஓர் எச்சரிக்கை: ஸ்குரூ காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது; உள்ளே திருகினால் கலவை செழிக்கும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளப்பது. வெளியே திருகினால்தான் செழிக்கும்.

ஸ்லைடின் வெட்டை இறுதியாகவே எண்ணிப்பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதனை மாற்ற நேராது. நீடிலையும் பைலட்டையும் சீர்செய்தபின் மெயின் ஜெட்டை ஒருமுறை மீண்டும் சோதிக்க.

பிளக்கைப் படித்தல்

எஞ்சினின் உள்நிலையைத் தெரிவிக்கும் சாட்சி ஸ்பார்க் பிளக்கேயாகும். புதிய பிளக்கைப் பொருத்தி, சோதிக்க வேண்டிய திறப்பில் சில கிலோமீட்டர் ஓட்டியபின், கிளட்சைப் பிடித்து அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டுக. ஐட்லிங்கில் ஓடவிட்டால் அக்கரி முந்தைய அடையாளத்தை மறைத்துவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பு நிறமாயிருந்தால் கலவை நன்று. சுண்ணாம்புபோல் வெளுத்தோ, கொப்புளம் கட்டியோ இருந்தால் மெலிவு. மேலும் ஓட்டாமல் உடனே ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். உலர்ந்த கருங்கரி செழிப்பைக் காட்டும். ஈரமான எண்ணெய்க்கரி பிஸ்டன் வளையத்தின் தேய்வைக் காட்டும். அதனை ஜெட்டினால் குணப்படுத்த இயலாது. ஈயமற்ற இன்றைய பெட்ரோலில் நிறம் மெதுவாகவே ஏறும். எனவே ஒரே ஓட்டத்தில் தீர்ப்புக் கூறாமல் இரண்டு மூன்று முறை பார்த்தல் நலம்.

இருவீச்சு எஞ்சின்கள்

யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இக்கவனம் இருமடங்கு வேண்டும். இவற்றில் புகைபோக்கியின் வயிறுபோல் விரிந்த பகுதி வெறும் ஓசையடக்கி அன்று. எரியாமல் வெளியேறும் புதுக்கலவையை அலையின் உதவியால் மீண்டும் ஸிலிண்டருக்குள் தள்ளும் எஞ்சின் உறுப்பே அது. அதனை வெட்டியோ மாற்றியோ விட்டால் எஞ்சினின் இயல்பே மாறிவிடும். பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்றும் வண்டிகளில் பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது. மெலிந்த கலவை சுடுவதோடு மசகையும் பறிப்பதால் பிஸ்டன் விரைவில் பற்றிக்கொள்ளும்.

சட்டமும் பிறர் நலமும்

கார்பரேட்டரைச் சீர்செய்துவிட்டால் மாற்றுச் சைலன்ஸர் குற்றமற்றதாகிவிடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனம் வேறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. ஓசை, புகை பற்றிய விதிகளை மீறிய வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டினால், அதே சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி முதற்குற்றத்திற்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்; ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குத் தடைப்படும்.

2000ஆம் ஆண்டு மார்ச் 31க்கு முன் செய்யப்பட்ட இருசக்கர வண்டிகளின் ஐட்லிங் புகையில் கார்பன் மோனாக்ஸைடு 4.5 விழுக்காட்டையும், அதற்குப் பின் செய்யப்பட்டவற்றில் 3.5 விழுக்காட்டையும் கடத்தல் கூடாது. பிற்கால வண்டிகளுக்கு வரம்பு இன்னும் கடுமையானது. புகைப்பரிசோதனை நிலையத்தில் காணும் இவ்வெண் கலவையின் செழிப்பையும் காட்டுவதால், சீர்செய்பவருக்கு அது நல்ல துணையாகும். இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பற்றிக்கொண்டு உயிரைக் கவரும். மூடிய அறையிலோ கொட்டகையிலோ எஞ்சினை ஓடவிட்டுச் சீர்செய்தல் ஒருபோதும் கூடாது.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். டெசிபல் அளவில் பத்து கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் உள்ள வீதியில் ஒரு வண்டியின் முழக்கம் எத்தனை பேரைத் துன்புறுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காடுகளில் வாழும் விலங்குகளுக்கும் இது பொருந்தும்.

வகுப்பறைக்குச் சில சோதனைகள்

ஒரு கண்ணாடிக் குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றை நிறுத்தி, அதன் மேல்முனைக்குக் குறுக்கே மற்றொரு குழலால் ஊதச் செய்க. நீர் மேலேறித் துளிகளாய்ச் சிதறும், இதுவே கார்பரேட்டர். மேல்குழலை அகலமாக்கியும் ஒடுக்கியும் வேறுபாட்டைக் காண்பிக்கலாம்.

மதனப்பள்ளியில் காலியான பிளாஸ்டிக் பாட்டிலொன்றை இறுக மூடித் திருப்பதிக்குக் கொண்டுவந்தால், அதன் பக்கங்கள் உட்குழிந்திருக்கக் காணலாம். அடிவாரக் காற்றின் மிகுந்த அழுத்தமே அதனை நசுக்கியது. கலவை மெலிந்ததற்கும் காரணம் அதுவே என்று மாணவர்க்கு விளக்கலாம். இரண்டு ஊர்களின் உயரத்தையும் வெப்பநிலையையும் கொடுத்து, அடர்த்தியின் விகிதத்தையும் அதன் வர்க்கமூலத்தையும் கணக்கிடச் செய்தால், பௌதிகமும் கணிதமும் ஒரே பாடத்தில் இணையும்.

முடிவுரை

நமது களப்பணியாளர் ஸிலிண்டரைத் திருத்தி, புதிய பிஸ்டன் பொருத்திய பிறகு என்ன செய்யவேண்டும்? தொழிற்சாலை வகைச் சைலன்ஸரையும், கையேடு குறிப்பிடும் ஜெட்டையும் நீடில் நிலையையும் மீண்டும் பொருத்துவதே அவருக்குச் சிறந்த வழியாகும். அப்போதும் சோதனை தேவையில்லை என்று எண்ணலாகாது. சைலன்ஸரை மட்டும் மாற்றி, பெரிதாக்கிய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை செழித்துப் பெட்ரோல் வீணாகும்; ஒவ்வொரு குழாய்க்கும் அதனதன் ஜெட் உண்டு. திருப்பதி அடிவாரத்தில், குளிர்ந்த காலையில், இன்று கிடைக்கும் பெட்ரோலை ஊற்றி, முன் கூறிய வரிசைப்படி ஒருமுறை சோதித்து, பிளக்கின் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், அவர் அச்சமின்றி மலையேறலாம்.

கழற்றிய ஜெட், நீடில், சைலன்ஸர் ஆகியவற்றை எறிந்துவிடாமல், எண்ணும் நாளும் எழுதிய சீட்டுடன் ஒரு பெட்டியில் வைத்தல் நல்ல பழக்கம். வண்டியை விற்கும்போது அப்பெட்டியையும் குறிப்பேட்டையும் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டியில் யார், எங்கே, எந்தப் பருவத்தில் எதை மாற்றினார் என்பது அடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், மலைப்பாதையின் நடுவில் அவர் அதனை அறிந்துகொள்ள நேராது.